எஸ்.பி. 1070: அரிசோனாவின் ‘பேப்பரைக் காட்டு’ சட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேற்றச் சட்டத்தை மாநில அரசுகள் கையில் எடுக்கலாமா என்ற சண்டை அமெரிக்காவில் டெக்சஸ், புளோரிடா என்று ஊர் மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு தரப்பும் இன்று சொல்லும் வாதங்களில் முக்கால்வாசி 2010-இல் அரிசோனாவில் சொல்லித் தீர்த்தவைதான். அதனால் செய்தி படித்துவிட்டுச் சந்தேகம் கேட்கும் நண்பர்களிடம் முதலில் அரிசோனா கதையைச் சொல்வது என் வழக்கம். அவர்கள் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

எஸ்.பி. 1070 என்பது என்ன?

எஸ்.பி. என்றால் செனட் பில், மாநிலச் செனட்டில் அறிமுகமான மசோதா. 1070 அதன் வரிசை எண். மேசா நகரைச் சேர்ந்த செனட்டர் ரசல் பியர்ஸ் கொண்டுவந்தார். ஆளுநர் ஜேன் புரூவர் 2010 ஏப்ரல் 23 அன்று கையெழுத்திட்டார். (அங்கே ஆளுநர் என்பது மக்கள் ஓட்டில் நிரம்பும் பதவி. நம்மூர் முதல்வரின் இடத்தில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.)

அதில் நான்கு பிரிவுகள்தான் பெரிய வழக்கானவை. போலீஸ் ஒருவரை வேறு ஏதோ காரணத்துக்காக நிறுத்தும்போது, அவர் நாட்டில் சட்டப்படி இருப்பவர்தானா என்று ‘நியாயமான சந்தேகம்’ வந்தால் அதை விசாரித்தே ஆக வேண்டும் என்றது 2(பி) பிரிவு. வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை வைத்திருக்காமல் இருந்தால் அது மாநிலக் குற்றம் என்றது 3-ஆம் பிரிவு. அனுமதி இல்லாதவர் வேலை தேடினாலே குற்றம் என்றது 5(சி). நாடுகடத்தத் தக்க குற்றம் செய்தவர் என்று நம்பக் காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்றது 6-ஆம் பிரிவு.

சட்டத்தின் முதல் பிரிவு நோக்கத்தை ஒளிக்காமலே சொல்லியது: கெடுபிடியால் ஆட்களைத் தேய வைப்பது. ஆளைப் பிடித்து அனுப்ப வேண்டாம், வாழ்க்கையைக் கடினமாக்கினால் தானே கிளம்பிப் போவார்கள் என்பது கணக்கு. மசோதாவை எழுத உதவிய கான்சஸ் வழக்கறிஞர் கிரிஸ் கோபாக் பல காலமாகப் பேசிவந்த உத்தி அது.

ஏன் அரிசோனா? டெக்சஸும் கலிபோர்னியாவும் எல்லை மாநிலங்கள்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் 1990-களில் இருக்கிறது. 1993-இல் டெக்சஸின் எல் பாசோவிலும் 1994-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும் வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, வேலி போட்டு, ஆட்களைக் குவித்து எல்லையை இறுக்கியது. நகரங்களுக்குள் கடப்பது கஷ்டமானது. பாலைவனத்துக்குப் பயந்து ஆட்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நிற்கவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்கள். தண்ணீரை ஒரு வாய்க்காலில் அடைத்தால் அடுத்ததில் போகும் அல்லவா, அதேதான். 2000-ஆம் ஆண்டில் அரிசோனாவின் டூசான் பகுதியில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை ஆட்கள் பிடிபட்டார்கள். தாகத்தில் செத்தவர்களின் எலும்புகளைப் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தில் பார்த்தார்கள்.

அப்புறம் 2008-இன் வீட்டுக்கடன் வீழ்ச்சி. வீடு கட்டியே வளர்ந்த அரிசோனா அதில் மிக மோசமாக அடிபட்ட மாநிலங்களில் ஒன்று. வேலை போனது, அரசின் கஜானா காலியானது. 2010 மார்ச்சில் எல்லைக்கு அருகே ஒரு பண்ணை உரிமையாளர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது யார் என்று தெரிவதற்கு முன்பே கடத்தல்காரன்தான் என்று மாநிலமே முடிவு செய்துவிட்டது. மசோதா அதற்கு முன்பே சட்டமன்றத்தில் இருந்தது. அந்தக் கொலை அதைத் தள்ளிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. புரூவருக்கு முன் ஆளுநராக இருந்த ஜேனட் நபோலிடானோ இந்த வகை மசோதாக்களுக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர். 2009-இல் அவர் ஒபாமா அமைச்சரவைக்குப் போனதால்தான் புரூவர் அந்த நாற்காலிக்கு வந்தார். 2010 நவம்பரில் தேர்தல். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆதரித்தவர்கள் எல்லாரும் இனவெறியர்களா?

இல்லை. அப்படிச் சொல்லிக் கடந்துபோவது சோம்பேறித்தனம். பியூ ஆய்வு நிறுவனம் 2010 மே மாதம் நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பில் 59 சதவீதம் பேர் சட்டத்தை ஆதரித்தார்கள். அவர்களிடம் ஒரு நேரடியான வாதம் இருந்தது: வெளிநாட்டவர் பதிவு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகவே மத்தியச் சட்டத்தில் உள்ளது, நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, வாஷிங்டன் செய்யாத வேலையைச் செய்கிறோம். எல்லையை இறுக்கிய முடிவு வாஷிங்டனுடையது, அதன் விளைவைச் சுமந்தது அரிசோனா. இந்த முறையீட்டில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தவர்கள் சொதப்பிய இடங்களும் உண்டு. சட்டத்தைக் கண்டித்துப் பேசிவந்த மத்திய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், அதைத் தான் இன்னும் படிக்கவில்லை என்று 2010 மே மாதம் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். மொத்தச் சட்டமும் பதினேழு பக்கத்துக்குள் அடங்கும். ஆதரவாளர்கள் அதை மாதக்கணக்கில் சொல்லிக் காட்டினார்கள்.

புரூவர் தரப்பும் குறைவில்லை. பாலைவனத்தில் தலையில்லா உடல்கள் கிடக்கின்றன என்றார். எல்லை மாவட்டங்களின் பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் அப்படி ஒன்றையும் பார்த்ததில்லை என்றார்கள். தவறாகச் சொல்லிவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மாநிலத்தில் வன்குற்றங்கள் அப்போது குறைந்துகொண்டு வந்தன என்பது இந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அப்படியானால் எதிர்ப்பு எதற்கு?

‘நியாயமான சந்தேகம்’ என்ற இரண்டு வார்த்தைக்கு. ஒருவர் சட்டப்படி இருக்கிறாரா என்பது நெற்றியில் எழுதியிருக்காது. சிவப்பு விளக்கைத் தாண்டிய காரை நிறுத்துகிற போலீஸ்காரருக்கு அந்தச் சந்தேகம் எதைப் பார்த்து வரும்? தோல் நிறம், உச்சரிப்பு, பழைய வண்டி. வேறென்ன இருக்கிறது? கையெழுத்திட்ட அன்று புரூவரிடமே செய்தியாளர்கள் இதைக் கேட்டார்கள். சட்டவிரோதமாக வந்தவர் பார்க்க எப்படி இருப்பார் என்று தனக்குத் தெரியாது என்றார் அவர். நேர்மையான பதில். போலீஸ்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வி.

2010 மக்கள்தொகைக் கணக்குப்படி அரிசோனாவில் பத்தில் மூன்று பேர் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் குடிமக்கள். அமெரிக்கா அந்த மண்ணை மெக்சிகோவிடமிருந்து பெறுவதற்கு முன்பிருந்தே அங்கே வேரூன்றிய குடும்பங்களும் அவற்றுள் உண்டு. அவர்கள் கேட்டது எளிமையானது: என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பால் வாங்கப் போகும்போது பர்ஸை மறந்தால் ஒன்றுமில்லை, நான் மறந்தால்?

இந்தப் பயத்தைச் சட்டமன்றமும் உணர்ந்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, திருத்தம் வந்தது. ‘சட்டப்படியான தொடர்பு’ என்று இருந்ததை ‘நிறுத்துதல், தடுத்துவைத்தல், கைது’ என்று சுருக்கினார்கள். இனத்தை ‘மட்டும்’ வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றிருந்த வரியிலிருந்து அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நீக்கினார்கள். ஒரு சொல்லை எடுத்தாலே பொருள் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். எடுக்க வேண்டியிருந்தது என்பதே விமர்சகர்கள் வீண்பயம் கிளப்பவில்லை என்பதற்குச் சான்று.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழியும் சட்டத்தில் இருந்தது. அரிசோனா ஓட்டுநர் உரிமமோ பழங்குடி அடையாள அட்டையோ காட்டினால் சட்டப்படி இருப்பவர் என்றே கொள்ள வேண்டும். பழங்குடி அட்டையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: தொஹோனோ ஓதாம் மக்களின் பாரம்பரிய நிலத்தை எல்லைக்கோடு இரண்டாக வெட்டிப் போகிறது. கோடு வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அவர்கள்.

போலீஸ்காரர்கள் இதை விரும்பினார்களா?

பிரிந்து நின்றார்கள். அமெரிக்காவில் மாவட்டப் போலீசின் தலைவரான ஷெரிஃப் தேர்தலில் ஜெயித்து வருபவர், அதனால் அரசியல் பேசுவார். பீமா மாவட்ட ஷெரிஃப் கிளாரன்ஸ் டப்னிக் இது இனவெறிச் சட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்து பினால் மாவட்ட ஷெரிஃப் பால் பாபியூ ஆதரித்துத் தொலைக்காட்சிகளில் வந்தார். ஃபீனிக்ஸ் நகரப் போலீஸ் தலைவர் ஜாக் ஹாரிஸ் எதிர்த்தார்.

எதிர்த்த அதிகாரிகளின் கவலை நடைமுறை சார்ந்தது. வீட்டில் அடிபடும் பெண்ணும், கொள்ளையைக் கண்ணால் பார்த்த பையனும் போலீசை அழைக்கப் பயப்படுவார்கள். அதற்கு மேல் ஒரு இடுக்கியும் இருந்தது: குடியேற்றச் சட்டத்தை முழுமூச்சாக அமல்படுத்தவில்லை என்று எந்தக் குடிமகனும் போலீஸ் துறை மீது வழக்குப் போடலாம், நாளொன்றுக்கு 500 முதல் 5,000 டாலர் வரை அபராதம். செய்தால் பாரபட்சம் காட்டினாய் என்று ஒரு வழக்கு, செய்யாவிட்டால் கடமை தவறினாய் என்று இன்னொரு வழக்கு.

புறக்கணிப்பு என்னவாயிற்று?

லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை மே மாதம் அரிசோனாவுடன் வணிகத்தைக் குறைக்கத் தீர்மானம் போட்டது. டூசானின் நாடாளுமன்ற உறுப்பினர் ராவுல் கிரிஹால்வா சொந்த மாநிலத்துக்கு மாநாடுகளைக் கொண்டுவர வேண்டாம் என்றார். ஃபீனிக்ஸ் கூடைப்பந்து அணி மே 5 அன்று ஸ்பானிய மொழியில் ‘லாஸ் சன்ஸ்’ என்று எழுதிய சட்டையோடு ஆடியது. 2011-இன் பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்தை ஃபீனிக்ஸிலிருந்து மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. நவம்பரில் புரூவர் சுலபமாக ஜெயித்தார்.

நீதிமன்றம் என்ன சொன்னது? இனவெறி என்று சொல்லித்தான் ரத்து செய்தார்களா?

இந்தக் கதையில் பலரும் தவறாக நினைவு வைத்திருப்பது இந்த இடத்தைத்தான். தெருவில் நடந்தது ஒரு வழக்கு, நீதிமன்றத்தில் நடந்தது வேறு வழக்கு. தெருவில் கேட்டது “என் நிறத்தைப் பார்த்து நிறுத்துவாயா?” நீதிமன்றத்தில் கேட்டது “குடியேற்றம் யார் அதிகாரம், மாநிலத்துடையதா, வாஷிங்டனுடையதா?” நம்மூரில் வெளிநாட்டவர், குடியுரிமை எல்லாம் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்க அரசியல் சாசனத்தில் அவ்வளவு தெளிவான பட்டியல் கிடையாது, அதனால் ஒவ்வொரு முறையும் வழக்காடித்தான் கோடு போட வேண்டும்.

2010 ஜூலை 6 அன்று மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. சட்டம் ஜூலை 29 அன்று அமலாக வேண்டும். முந்தைய நாள், ஃபீனிக்ஸ் நீதிபதி சூசன் போல்டன் மேலே சொன்ன நான்கு பிரிவுகளுக்கும் தடை விதித்தார். மேல்முறையீட்டிலும் தடை நின்றது. 2012 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, மத்திய அரசின் வழக்கறிஞர் டொனால்ட் வெரில்லி வாயைத் திறந்த சற்று நேரத்திலேயே தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மறித்துக் கேட்டார்: உங்கள் வாதத்தில் இனம் பார்த்து நிறுத்துவது பற்றி எதுவும் இல்லையே? இல்லை என்று வெரில்லி ஒத்துக்கொண்டார். இரண்டு வருடமாக ஊரே கத்திய விஷயம் ஒரே பதிலில் வழக்குக்கு வெளியே போய்விட்டது.

2012 ஜூன் 25 அன்று தீர்ப்பு. எழுதியவர் ஆந்தனி கென்னடி. எலெனா கேகன் முன்பு மத்திய அரசின் வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் விலகிக்கொள்ள, எட்டு நீதிபதிகள். 3-ஆம் பிரிவு போனது: வெளிநாட்டவர் பதிவு முழுக்கவும் வாஷிங்டனின் வயல், அதில் மாநிலம் ஒரு ஏர்கூட ஓட்ட முடியாது. பென்சில்வேனியாவின் பதிவுச் சட்டத்தை 1941-இலேயே இதே காரணத்துக்காகத் தள்ளியிருக்கிறார்கள். 5(சி) போனது: 1986-இல் நாடாளுமன்றம் யோசித்தேதான் வேலை கொடுப்பவரைத் தண்டித்தது, வேலை தேடுபவரை விட்டது, அந்தத் தேர்வை மாநிலம் புரட்டக் கூடாது. 6-ஆம் பிரிவும் போனது: மத்திய அதிகாரிக்கே இல்லாத கைது அதிகாரத்தை மாநிலப் போலீசுக்குக் கொடுத்துவிட்டது. அனுமதியின்றி நாட்டில் தங்கியிருப்பது பொதுவாகக் கிரிமினல் குற்றமல்ல என்றும் கென்னடி அதில் எழுதினார். இது பலருக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பது குற்றம். விசா முடிந்த பின் தங்குவது நாடுகடத்தத் தக்க சிவில் மீறல்.

2(பி) மட்டும் தப்பியது. எட்டு பேரும் சேர்ந்து அதை விட்டுவைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வராதபோது அது எப்படி அமலாகும் என்று ஊகிக்க முடியாது, பின்னால் பாரபட்சம் நடந்தால் அப்போது வழக்குப் போடலாம் என்றார்கள்.

ஆக, தெருவில் பெரிதாகப் பேசப்படாத மூன்று பிரிவுகள் விழுந்தன. ஊரே பயந்த ஒன்று பிழைத்தது. அன்றே புரூவர் சட்டத்தின் இதயம் பிழைத்தது என்று கொண்டாடினார், ஒபாமா தரப்பு தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது. இருவர் சொன்னதும் உண்மைதான்.

2(பி) இன்றும் அமலில் இருக்கிறதா?

ஏட்டில் இருக்கிறது. குடிமை உரிமை அமைப்புகள் போட்ட இன்னொரு வழக்கு 2016 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் பிர்னோவிச் போலீசுக்கு வழிகாட்டுதல் எழுதினார்: குடியேற்ற நிலையை விசாரிப்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்தக் கூடாது, நிறுத்தியவரை அதற்காகக் கூடுதல் நேரம் வைத்திருக்கக் கூடாது. மாநிலம் 14 லட்சம் டாலர் வழக்குச் செலவும் கொடுத்தது. பல் பிடுங்கிய பாம்பு மாதிரி ஆனது.

எச்-1பி, கிரீன் கார்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?

ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் சிப் ஆலைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் 2010-இல் பாஸ்போர்ட்டைக் காரில் வைத்துக்கொள்வதா என்று ஒருவரையொருவர் கேட்டதற்குக் காரணம் நிறம்தான். மெக்சிகோக்காரர் என்று நம்மை நினைத்துக் கடைக்காரர் ஸ்பானியத்தில் பேசுவது அங்கே சாதாரணம்.

மாநிலச் சட்டம் எப்படிப் போனாலும், 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டம் அப்படியே இருக்கிறது. பச்சை அட்டைக்காரருக்கு அந்த அட்டையே ஆவணம். எச்-1பிக்காரருக்கு, நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு. பல வருடங்கள் யாரும் கண்டுகொள்ளாத விதி அது. 2025 ஏப்ரலில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதைத் தூசு தட்டி எடுத்துக் கண்டிப்பாக அமல்படுத்துவோம் என்றது. ‘என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதே’ என்பது மத்திய விதிக்குப் போதுமான பதில் ஆகாது. ஐ-94-ஐ அச்செடுத்துப் பையில் வையுங்கள்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன?

2011-இல் யூட்டா, ஜார்ஜியா, இந்தியானா, தென் கரோலினா, அலபாமா என்று வரிசையாக இதே மாதிரி சட்டங்கள். அவற்றில் அலபாமாவின் எச்.பி. 56 அரிசோனாவை மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளைகளின் குடியேற்ற நிலையையும் கேட்கச் சொன்னது. 2011 செப்டம்பர் இறுதியில் நீதிமன்றம் பெரும்பகுதியை அனுமதித்ததும் ஹிஸ்பானியப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது சட்டென்று குறைந்தது. பறிக்க ஆளில்லாமல் தக்காளி செடியிலேயே அழுகியது. உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவந்து பார்த்தார்கள்; வெயிலில் குனிந்து கூடைக் கணக்கில் பறிக்கும் வேலை, பலர் ஓரிரு நாளில் நின்றுவிட்டார்கள்.

நவம்பரில் டஸ்கலூசா ஊரில் போலீஸ் ஒரு வாடகைக் காரை நிறுத்தியது. ஓட்டியவரிடம் உரிமம் கையில் இல்லை. புதுச் சட்டப்படி உள்ளே தள்ளினார்கள். அவர் மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அதிகாரி. அந்த ஆலையை அலபாமா வருந்தி வருந்தி அழைத்துச் சலுகை கொடுத்துக் கொண்டுவந்திருந்தது. மிசூரி மாநிலச் செய்தித்தாள் ஒன்று, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று மெர்சிடிஸை வம்புக்கு அழைத்துத் தலையங்கமே எழுதியது. சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்த ‘வெளிநாட்டவர்’ எப்படிப்பட்டவர் என்பதை இந்த ஒரு கைது போல வேறெதுவும் காட்டவில்லை. 2013-இல் அலபாமா சமரசத்துக்கு வந்து முக்கியமான பிரிவுகளைக் கைவிட்டது.

பியர்ஸும் ஷெரிஃப் ஆர்பாயோவும் என்ன ஆனார்கள்?

பியர்ஸ் மாநிலச் செனட்டின் தலைவராக உயர்ந்தார். 2011 நவம்பரில் அவர் தொகுதி மக்களே கையெழுத்துத் திரட்டி நடுவில் தேர்தல் வைத்துத் தோற்கடித்தார்கள். தோற்கடித்த ஜெரி லூயிஸும் அவருடைய குடியரசுக் கட்சிக்காரரே.

மாரிகோபா மாவட்ட ஷெரிஃப் ஜோ ஆர்பாயோ இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே லத்தீன் மக்கள் வாழும் தெருக்களில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துப் பேர் வாங்கியவர். அவர் துறை இனம் பார்த்தே நிறுத்துகிறது என்று 2013 மே மாதம் நீதிபதி முர்ரே ஸ்னோ தீர்ப்பளித்தார். அதைக் கைவிடச் சொன்ன நீதிமன்ற உத்தரவை ஆர்பாயோ மீறியதற்காக 2017 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. அதைச் சொன்னவர் அதே சூசன் போல்டன். அடுத்த மாதமே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். உச்ச நீதிமன்ற வழக்கில் பேசப்படாத அந்த நிறக் கேள்விக்கு நீதிமன்றப் பதில் கிடைத்தது இந்த வழக்கில்தான்.

அரிசோனாவில் ஆவணமில்லாதவர்கள் குறைந்தார்களா?

குறைந்தார்கள், கணிசமாக. ஆனால் குறைவு 2007-க்குப் பிறகே தொடங்கிவிட்டது. கட்டட வேலை படுத்தது, ஆட்களைச் சேர்க்கும்போது கணினியில் சரிபார்க்கச் சொன்ன மாநிலச் சட்டமும் அதே ஆண்டு நிறைவேறியது. (அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் செல்லும் என்றது.) இதில் 1070-இன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இப்போது டெக்சஸில் நடப்பது இதே கதையா?

ஒரு படி மேலே போன கதை. 2023 டிசம்பர் 18 அன்று ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட எஸ்.பி. 4, எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதையே மாநிலக் குற்றமாக்கியது. மெக்சிகோவுக்குத் திரும்பிப் போ என்று மாநில நீதிபதியே உத்தரவிடலாம். அரிசோனா அதுவரை போகத் துணியவில்லை. நீதிபதி டேவிட் எஸ்ரா 2024 பிப்ரவரி 29 அன்று தடுத்தார், 2012 தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டி. மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தடையை விலக்கிவைத்ததில் சட்டம் சில மணி நேரம் உயிரோடு இருந்தது. அன்றிரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிறுத்தியது. 2025 ஜூலையில் மூன்று நீதிபதி அமர்வு தடையை உறுதி செய்தது, ஆகஸ்டில் முழு அமர்வு மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டது. புளோரிடாவின் இதே வகைச் சட்டமும் 2025-இல் தடைபட்டது.

அரிசோனா இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச்சில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் இப்படியொரு மசோதாவை நிராகரித்ததும், சட்டமன்றம் அவரைத் தாண்டி நேராக வாக்காளர்களிடம் போனது. நவம்பரில் ‘பிரபோசிஷன் 314’ என்ற பெயரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆதரித்து அது நிறைவேறியது. 2010 பாடம் நினைவில் இருந்ததாலோ என்னவோ, இந்தத் தடவை ஒரு நிபந்தனை வைத்து எழுதியிருக்கிறார்கள்: டெக்சஸின் எஸ்.பி. 4 அல்லது அதைப் போன்ற வேறு மாநிலச் சட்டம் தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்த பிறகே, எல்லை கடப்பதைக் குற்றமாக்கும் அரிசோனா பிரிவு உயிர்பெறும்.